நுரையீரலைக் காக்கும் அன்றாடப் பழக்கங்கள்: சேலம், ஏற்காடு மக்களுக்கான முழுமையான வழிகாட்டி

நுரையீரலைக் கவனிக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் மூச்சுப் பயிற்சியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இரவெல்லாம் கொசுவர்த்தி புகைந்த அறையிலேயே, ஜன்னலைக்கூடத் திறக்காமல், விடியற்காலையில் உட்கார்ந்து மூச்சை இழுத்து விடுகிறார்கள். ஆழமாக இழுத்தால் புகையும் ஆழமாகத்தான் போகும்.

அதனால் வரிசை முக்கியம். உள்ளே போகும் புகையையும் தூசையும் முதலில் குறைக்க வேண்டும். அடுத்து வீட்டுக் காற்றோட்டம், அதற்கடுத்து நடை. மூச்சுப் பயிற்சிக்கு இடம் அதற்குப் பிறகுதான். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையிலேயே இருக்கின்றன. ஒரு படி உங்களுக்குப் பொருந்தாவிட்டால் விட்டுவிடலாம், முன்பின்னாக மட்டும் மாற்ற வேண்டாம்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு சிறிய நோட்டு. தூசில் வேலை செய்பவராக இருந்தால் நான்கைந்து என்95 முகக்கவசங்கள். சமையலறையில் புகைபோக்கி மின்விசிறி, அதாவது எக்ஸாஸ்ட் ஃபேன். ஆஸ்துமாவோ நாள்பட்ட மூச்சுத்திணறலோ உள்ளவர் வீட்டில் மட்டும், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று. மற்றவர்கள் அதை வாங்க வேண்டியதில்லை. நலமாக இருப்பவர் தினமும் விரலில் மாட்டிப் பார்ப்பதால் கவலைதான் கூடும்.

இதய நோய், சமீபத்திய அறுவை சிகிச்சை, கர்ப்பம், ஏற்கெனவே மூச்சுத்திணறல், இவற்றில் ஏதாவது இருந்தால் 7, 8 ஆம் படிகளைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மருந்து, தடுப்பூசி தவிர மற்ற படிகளுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, இன்றே தொடங்கலாம்.

1. ஒரு வாரம் குறிப்பெடுங்கள்

எந்தப் புகை, எந்தத் தூசு உங்கள் நெஞ்சுக்குள் போகிறது என்று தெரியாமல் எதையும் குறைக்க முடியாது. ஏழு நாள், தினமும் இரண்டே வரி எழுதினால் போதும்: இன்று எங்கே, எவ்வளவு நேரம் புகையிலோ தூசிலோ இருந்தேன், இருமல், சளி, நெஞ்சிறுக்கம், இளைப்பு எப்போது வந்தது.

விடுமுறை நாளையும் சேர்த்து எழுத வேண்டும். வேலை நாளில் இருமி, ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருந்தால், காரணம் வேலை இடத்தில் இருக்கிறது. நூற்பாலையில் பஞ்சு பிரிக்கும் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. வார விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், வாரம் போகப் போகக் குறையும். பஞ்சுத் தூசால் வரும் பிசினோசிஸ் என்ற நோய் இப்படித்தான் தொடங்கும். ‘ரெண்டு நாள்ல சரியாயிடுது’ என்று விட்டுவிடுவதால்தான் அது முற்றிப்போகிறது.

முதல் நாளில் இன்னொரு அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு? பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. இரண்டு மாடி ஏறி நின்றதும் ஒரு முழு வாக்கியத்தைத் தடையில்லாமல் பேச முடிகிறதா என்றும் பாருங்கள். ஒரு மாதம் கழித்து ஒப்பிட இது உதவும்.

10 விநாடி மூச்சை அடக்க முடிந்தால் நுரையீரல் நலமாக இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் சோதனையை நம்ப வேண்டாம். நோய் உள்ளவர்கள் பலரால் அடக்க முடியும், நலமாக இருப்பவர் சிலரால் முடியாது.

2. பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள்

வீட்டில் ஒருவர் புகைத்தாலும் மற்ற எல்லாப் படிகளின் பயனும் பாதியாகிவிடும். சிகரெட்டைவிட பீடி மெல்லியது, இயற்கையானது என்று நினைப்பது தவறு. பீடி அடிக்கடி அணையும் என்பதால் இழுப்பவர் ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்கிறார். அதனால் கார்பன் மோனாக்சைடும் தாரும் அதிகமாகவே போகின்றன.

நாள் குறித்து முழுவதுமாக நிறுத்துவதே பெரும்பாலோருக்குப் பலன் தருகிறது. இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதியை முடிவு செய்து வீட்டில் சொல்லிவிடுங்கள். முந்தைய இரவே மிச்சப் பீடிக்கட்டு, தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். டீக்கடையில் டீயோடு சேர்ந்தே வந்த பழக்கம் என்றால், முதல் இரண்டு வாரம் டீயை வீட்டிலேயே குடியுங்கள். இடம் மாறினால் ஆசையின் வேகமும் குறையும்.

நிகோட்டின் சூயிங்கம் உதவும், ஆனால் அதைச் சாதாரண சூயிங்கம் போல மெல்வதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. மெதுவாகச் சில தடவை மெல்லுங்கள். மிளகுக் காரம் போல நாக்கில் சுருக்கென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் இப்படியே. வேகமாக மென்று விழுங்கினால் நிகோட்டின் வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும்தான் வரும். மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபி, டீ, பழச்சாறு வேண்டாம், வாயில் நிகோட்டின் உறிஞ்சப்படுவதை அவை குறைத்துவிடும். தூங்கி எழுந்த அரை மணிக்குள் முதல் பீடியைப் பற்றவைப்பவருக்கு 2 மில்லிகிராம் போதாமல் போகலாம். 4 மில்லிகிராமுக்கு மருத்துவரைக் கேளுங்கள்.

முதல் மூன்று நாள் கடினம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் எரிச்சலும் தூக்கமின்மையும் தணியும். நிறுத்திய பிறகு சில வாரம் இருமலும் சளியும் கூடினால் பயப்பட வேண்டாம். மூச்சுக்குழாயைத் துடைக்கும் நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதன் விளைவு அது. ‘விட்டதும்தான் இருமல் வந்தது’ என்று இந்தக் கட்டத்தில் பலர் திரும்பப் பற்றவைத்துவிடுகிறார்கள். தனியாகச் சமாளிக்க முடியாதவர்கள் 1800 11 2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

3. அடுப்பு, கொசுவர்த்தி, சாம்பிராணி

வீட்டுக்குள் புகை வரும் வழிகளில் சமையல் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. மற்றவற்றை நாம் புகையாகவே எண்ணுவதில்லை.

புகைபோக்கி விசிறியைத் தாளிக்கும்போது மட்டும் போடுவது வழக்கமாக இருக்கிறது. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே போட்டு, அணைத்த பின் 10 நிமிடமாவது ஓட விடுங்கள். எரியும் வாயுவின் நைட்ரஜன் டை ஆக்சைடும், காய்ந்த எண்ணெயின் நுண்துகளும் சமையல் முடிந்த பிறகும் அறையிலேயே நிற்கும். விசிறி வெளியே தள்ளும் அளவுக்குக் காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். எதிர்ப்பக்கக் கதவையோ ஜன்னலையோ நான்கு விரல் அகலம் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டு விசிறியை மட்டும் ஓட விட்டால் சத்தம்தான் மிஞ்சும்.

சரியாக இழுக்கிறதா என்று பார்க்க, ஒரு மெல்லிய காகிதத் துண்டை விசிறிக்குக் கீழே பிடியுங்கள். விசிறியை நோக்கிச் சாய்ந்து நின்றால் சரி. தொங்கினால் தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும், அல்லது வெளிப்பக்க மூடி திறக்காமல் இருக்கும்.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் இன்னும் விறகடுப்பு எரியும் வீடுகள் உண்டு. எரிவாயு வாங்கிய பிறகும் வெந்நீருக்கும் குளிர்காய்வதற்கும் விறகு தொடர்கிறது. அதை உடனே நிறுத்த முடியாவிட்டால் மூன்றைச் செய்யுங்கள். வெந்நீர் அடுப்பைத் தாழ்வாரத்துக்கோ வெளித் திண்ணைக்கோ மாற்றுங்கள். மழைக்கு முன்பே விறகைப் பிளந்து கூரைக்குக் கீழ் காய வையுங்கள், ஈர விறகுதான் அதிகம் புகையும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பெதிரில் நிற்காதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா வரும் வாய்ப்பை அடுப்புப் புகை கூட்டுகிறது.

கொசுவர்த்திச் சுருளைப் பற்றி 2003 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் பி.எம். 2.5 எனும் மிக நுண்ணிய துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிந்ததற்குச் சமம் என்று கணக்கிட்டது. அந்தச் சுருளைக் கட்டிலுக்குக் கீழே வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு எட்டு மணி நேரம் தூங்குகிறோம். ஜன்னலுக்கு வலை அடிப்பதும், கட்டிலுக்குக் கொசுவலை கட்டுவதும்தான் நிலையான தீர்வு. மாலை 5 மணிக்கே வலையில்லாத ஜன்னல்களைச் சாத்தி, கொசு அடங்கியதும் திறங்கள்.

பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டித் தலை காயச் சாம்பிராணி காட்டுவது நம் வீடுகளில் அக்கறையோடு செய்யப்படுவது. பாட்டியிடம் சண்டை போட வேண்டாம், காரணத்தைச் சொல்லுங்கள். குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகியது, சிறிய வீக்கமே இளைப்பாக மாறும். மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, காற்று நேராக அடிக்காத வெயில்பட்ட இடத்தில் சில நிமிடம் வைத்திருந்தால் தலை காய்ந்துவிடும். பூஜைக்கான கம்ப்யூட்டர் சாம்பிராணியை முற்றத்திலோ வாசலிலோ ஏற்றுங்கள்.

4. மலைக்குளிரில் இரண்டு எச்சரிக்கைகள்

டிசம்பர், ஜனவரியில் ஏற்காட்டில் அறைக்குள் கரிச்சட்டி வைத்துக் குளிர்காய்வது உயிரைப் பறிக்கும். தணலாக எரியும் கரியில் புகை தெரியாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. முதலில் தலைவலி, பிறகு மயக்கம். தூங்குபவர் அந்தத் தலைவலியை உணரவே மாட்டார். விடுதியில் தங்கும் சுற்றுலாப் பயணிகள் வெளியே கறி சுட்ட அடுப்பை, அணைந்துவிட்டது என்று நினைத்து அறைக்குள் கொண்டுவருவதும் இதே ஆபத்துதான். கரி, விறகு எதுவானாலும் படுக்கும் அறைக்குள் வரக் கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்ற சமாதானமும் வேண்டாம்.

இரண்டாவது, பூஞ்சை. மழை மாதங்களில் சுவர் மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்பாகப் படரும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது தொடர்ந்து இளைப்பைத் தூண்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் விதைத்துகள் அறை முழுவதும் பரவும். முகக்கவசம் போட்டு, சோப்பு நீரில் நனைத்துத் துடைத்து, காய விடுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். நீர்க்கசிவை அடைக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

5. வேலை இடத்துத் தூசும் ஆவியும்

சேலத்துக்காரர்களுக்கு இந்தப் படிதான் மிக முக்கியம். கொலுசுப் பட்டறை, தறி, நூற்பாலை, கிரஷர், வெள்ளைக்கல் சுரங்கம், செங்கல் சூளை என்று வீட்டுக்கு ஒருவராவது தூசோடு பிழைக்கும் ஊர் இது. எல்லாத் தூசுக்கும் ஒரே மருந்து கிடையாது. உங்கள் வேலைக்கு உரியதை மட்டும் படித்தால் போதும்.

கொலுசுப் பட்டறை. இங்கே ஆபத்து பெரும்பாலும் ஆவியில்தான். வெள்ளியைப் பற்றவைக்கும் சில பற்றுப்பொடிகளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்திருக்கும். சுடர் பட்டதும் அதன் ஆவி எழும். அந்த நேரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வரும். சளிக்காய்ச்சல் என்றே நினைப்பார்கள். காட்மியம் இல்லாத பொடிதானா என்று வாங்கும்போதே கேளுங்கள். ஊதும் இடத்துக்குப் பக்கவாட்டில், முகத்திலிருந்து ஆவியை விலக்கி இழுக்கும்படி விசிறியை வையுங்கள். தலைக்கு மேல் வைத்தால் ஆவி மூக்கைக் கடந்துதான் மேலே போகும்.

நைட்ரிக் திராவகத்தில் வெள்ளியைப் போடும்போது வரும் பழுப்புப் புகையை ஒரு முறைகூட நேராக முகரக் கூடாது. அதிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு நுரையீரலின் அடி வரை போய், சில மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒரு நாள் கழித்தும், நுரையீரலில் நீர் கோர்க்கச் செய்யும். நன்றாக முகர்ந்துவிட்டவர் அப்போது சரியாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்க் கண்காணிப்பில் இருக்க வேண்டும். பட்டறையும் வீடும் ஒன்றாக இருக்கும் இடங்களில் திராவக வேலையைக் குழந்தைகள் இல்லாத நேரத்தில், மொட்டைமாடியில், காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி நின்று செய்யுங்கள்.

கிரஷர், கல் அறுப்பு, டைல்ஸ் வேலை. கருங்கல்லிலும் குவார்ட்ஸிலும் உள்ள சிலிக்காதான் எதிரி. கண்ணுக்குத் தெரியும் தூசு மூக்கிலேயே நின்றுவிடும். தெரியாத நுண்தூசுதான் உள்ளே போய்த் தழும்பாகிறது. அந்த சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை, காசநோய் வரும் வாய்ப்பும் அதனால் பல மடங்கு கூடுகிறது. தண்ணீர் விட்டு அறுப்பதே முதல் பாதுகாப்பு. கட்டரில் தண்ணீர்க் குழாய் பொருத்த வசதி இல்லாவிட்டால், ஒருவர் பாட்டிலிலிருந்து அறுபடும் இடத்தில் தொடர்ந்து ஊற்ற வேண்டும். மின்கசிவு ஆபத்து இருப்பதால் இணைப்பில் கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். முகக்கவசம் தண்ணீருக்கு அடுத்த பாதுகாப்புதான், அதற்கு மாற்று அல்ல.

தறியும் நூற்பாலையும். வேலை முடிந்ததும் ஏர் கம்ப்ரசரால் இயந்திரத்தையும், பிறகு தங்கள் சட்டையையும் ஊதிக்கொள்வது பல இடங்களில் வழக்கம். நாள் முழுவதும் படிந்த தூசு ஒரே நிமிடத்தில் மூக்கருகே எழுகிறது. இயந்திரத்தை வாக்குவம் கொண்டு உறிஞ்சியோ ஈரத்துணியால் துடைத்தோ சுத்தம் செய்யுங்கள். சட்டையை மாற்றிக்கொண்டே வீட்டுக்குக் கிளம்புங்கள். மாற்றிய துணியைத் தனியாகத் துவையுங்கள், உதறாதீர்கள்.

வேலை முடிந்ததும் வெல்லமோ வாழைப்பழமோ சாப்பிட்டால் தூசு இறங்கிவிடும் என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது. உணவு போவது உணவுக்குழாயில், தூசு போவது மூச்சுக்குழாயில். சாப்பிடுவதில் தவறில்லை, அதை நம்பி முகக்கவசத்தைக் கழற்றுவதுதான் தவறு.

6. முகக்கவசத்தைப் போடும் முறை

கைக்குட்டை, துண்டு, துணிக்கவசம் எதுவும் நுண்தூசைத் தடுக்காது. என்95 அல்லது எஃப்.எஃப்.பி. 2 வேண்டும். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகும் வகை நன்றாகப் பொருந்தும்.

கீழ்ப்பட்டையைக் கழுத்துக்குப் பின்னாலும், மேல்பட்டையை உச்சிக்குக் கீழும் போடுங்கள். மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் நடுவிலிருந்து பக்கவாட்டில் அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராகி இருபுறமும் இடைவெளி விடும். பிறகு இரு கைகளால் கவசத்தை மூடி, வேகமாக மூச்சு விடுங்கள். கண்பக்கம் காற்று அடித்தால் கம்பியைச் சரிசெய்யுங்கள். மூச்சை இழுக்கும்போது கவசம் முகத்தோடு லேசாக ஒட்ட வேண்டும்.

தாடி இருந்தால் எந்தக் கவசமும் சரியாகப் படியாது, ஓரமாகத் தூசு நுழைந்துவிடும். கழுவிப் போடுவதும் பயனில்லை, அதன் மின்னேற்ற இழைகள் கெட்டுவிடும். மூச்சு இழுக்கக் கனமாகும்போதோ, நனைந்தாலோ, பட்டை தளர்ந்தாலோ மாற்றுங்கள். என்95 துகளை மட்டுமே தடுக்கும், திராவக ஆவியைத் தடுக்காது. அதற்கு அமில வாயுக்கான குப்பி பொருத்திய ரப்பர் முகமூடி வேண்டும்.

7. எப்போது, எங்கே, எவ்வளவு நடப்பது

சேலம் நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, சேர்வராயன் மலை சூழ்ந்த ஒரு கிண்ணம். மார்கழி, தை இரவுகளில் தரை குளிர்ந்து குளிர்காற்று கீழே தங்க, அதற்கு மேல் வெப்பக் காற்று மூடி நிற்கும். வாகனப் புகையும் குப்பை எரித்த புகையும் அந்த மூடிக்குக் கீழேயே தேங்கும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் கலையும். எனவே குளிர்காலத்தில் காலை 5 மணி நடையை 7.30, 8 மணிக்குத் தள்ளுங்கள், அல்லது மாலை வெயில் இருக்கும்போதே நடங்கள். சித்திரை, வைகாசியில் நேர்மாறு: வெயில் கொடுமையால் விடியற்காலைதான் சரி. தீபாவளிக்கு மறுநாள் காலையிலும் போகியன்றும் வெளிநடை வேண்டாம்.

காற்றுத் தரத்தை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் பார்க்கலாம். சேலத்தின் அளவு சோனா கல்லூரி வளாகத்து நிலையத்திலிருந்து வருகிறது. காற்றுத் தரக் குறியீடு 100 வரை எல்லோரும் நடக்கலாம். 101 முதல் 200 வரை ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் வேகத்தையும் நேரத்தையும் குறைக்க வேண்டும். 200க்கு மேல் வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி. ஒரே நிலையத்தின் அளவு ஊர் முழுவதற்கும் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரத்தில் இருப்பவர் லாரிப் புகையைத் தன் மூக்கால்தான் அறிய வேண்டும். முதன்மைச் சாலையைவிட்டு இரண்டு தெரு உள்ளே போனாலே புகை கணிசமாகக் குறையும். கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரை, குரும்பப்பட்டிப் பூங்கா போன்ற இடங்கள் நல்லவை.

வாரத்துக்கு 150 நிமிட மிதவேக நடை இலக்கு. முதல் வாரம் தினமும் 10 நிமிடம், பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 30க்கு வாருங்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுதான் மிதவேகம். நடையால் நுரையீரலின் கொள்ளளவு பெரிதாக மாறாது. தசைகள் ஆக்சிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்பதால் அதே படிக்கட்டுக்கு மூச்சுவாங்கல் குறைகிறது.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. நலமானவருக்கு ஏற்றத்தில் மட்டும் தெரியும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு உட்கார்ந்திருக்கும்போதே தெரியலாம். முதல் நாள் ஏரியைச் சுற்றிச் சமதளத்தில் மெதுவாக நடந்து பாருங்கள். கிளியூர் அருவிக்கு இறங்குவது எளிது, திரும்பி ஏறுவதைக் கணக்கில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். குளிர்காற்றில் இளைப்பு வருபவர் மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடி, மூக்கு வழியாகவே இழுங்கள், காற்று சற்றுச் சூடாகி உள்ளே போகும்.

மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்தோ லாரியோ தாழ்ந்த கியரில் புகைவிட்டு ஏறும். ஒட்டிப் போகாமல் இடைவெளி விடுங்கள். காரில் இருந்தால் அந்த நேரம் உள்காற்றைச் சுழற்றும் பொத்தானைப் போட்டு, புகை கடந்ததும் எடுத்துவிடுங்கள்.

8. இப்போது மூச்சுப் பயிற்சி

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, ஜன்னல் திறந்த அறையில், நாளுக்கு இருமுறை, ஐந்து நிமிடம். அதிகம் வேண்டாம்.

வயிற்று மூச்சு: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேல். மூக்கால் இழுக்கும்போது வயிற்றுக் கை மட்டும் உயர வேண்டும். தோள் தூக்கினால் கழுத்துத் தசைதான் உழைக்கிறது, நுரையீரலுக்குக் கீழே உள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் சும்மா இருக்கிறது. படுத்துப் பழகிய ஒரு வாரத்துக்குப் பிறகு உட்கார்ந்து செய்யுங்கள்.

உதடு குவித்த மூச்சு: மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, விசிலடிப்பது போல உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை விடுங்கள். சுருங்கிக் கிடக்கும் சிறு குழாய்கள் மூடாமல், தேங்கிய காற்று வெளியேற இது உதவுகிறது. படியேறும்போது மூச்சு வாங்குபவர் நின்று இழுத்து, விடும்போது இரண்டு படி ஏறுங்கள்.

தலை கிறுகிறுத்தால் உடனே நிறுத்துங்கள். வேகமாக மூச்சு விட்டதில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிக் குறைந்ததன் அடையாளம் அது. உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும், வயிற்றை உள்ளிழுத்து வேகமாக மூச்சைத் தள்ளும் கபாலபாதிப் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும்.

மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவி வைத்திருப்பவர்கள் பலர் அதில் ஊதுகிறார்கள். அது உறிஞ்சுவதற்கானது. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை விட்டு, குழாயை உதட்டால் இறுக்கி, மெதுவாக உறிஞ்சுங்கள். பந்து மேலேயே மூன்று விநாடி நிற்க வேண்டும். வெடுக்கென்று இழுத்து மூன்று பந்தையும் தூக்குவதைவிட ஒரு பந்தை நிறுத்திப் பிடிப்பதே பயன் தரும்.

9. இன்ஹேலர் உள்ளவர்களுக்கு

‘பழகிவிடும்’ என்று பயந்து மாத்திரைக்கு மாறுபவர்கள் அதிகம். இன்ஹேலரில் மருந்து மைக்ரோகிராம் அளவில், நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. மாத்திரை உடல் முழுவதும் சுற்றி வருவதால் அதிக அளவு தேவைப்படுகிறது.

அழுத்தும் வகை: குலுக்கி, ஸ்பேசர் என்ற இணைப்புக் குழாயில் பொருத்தி, முழுவதும் மூச்சை விட்டு, ஒரே ஒரு முறை அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுத்து, 10 விநாடி அடக்குங்கள். அடுத்த அழுத்தலுக்கு ஒரு நிமிடம் இடைவெளி. பொடி வகை: நேர்மாறாக, வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். கருவிக்குள் மூச்சு விட்டால் பொடி ஈரமாகிக் கட்டிவிடும். பொடி அடைத்த கேப்ஸ்யூலை மாத்திரை என்று நினைத்து விழுங்குபவர்களும் இருக்கிறார்கள், வீட்டுப் பெரியவர்களை ஒருமுறை உங்கள் எதிரிலேயே போடச் சொல்லிப் பாருங்கள். ஸ்டீராய்டு வகைக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் படலம் வரும்.

10. தடுப்பூசி

ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுதோறும், நிமோகாக்கல் தடுப்பூசி மருத்துவர் சொல்லும் கணக்கில். முதியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் தள்ளிப்போட வேண்டாம். குழந்தைகளுக்கு நிமோகாக்கல் ஊசி அரசு அட்டவணையிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

11. எப்போது மருத்துவமனை

முழு வாக்கியம் பேச முடியாத திணறல், உதடு நீலமாதல், திடீர் நெஞ்சுவலியோடு மூச்சுத்திணறல் வந்தால் காத்திருக்காமல் 108. ஆக்சிமீட்டரில் 92 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் அப்படியே. நெயில் பாலிஷ், மருதாணி, குளிர்ந்த விரல் ஆகியவை தவறான அளவு காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

40 வயதைக் கடந்த புகைப்பவர்களும், பல ஆண்டு தூசில் உழைத்தவர்களும், இருமல் இல்லாவிட்டாலும் ஒருமுறை ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை, எடுக்க வேண்டும். எக்ஸ்ரே தெளிவாக இருப்பதால் அடைப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது. தொடக்க நிலை எக்ஸ்ரேயில் தெரியாது. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் விசாரியுங்கள். தளர்வான உடை போட்டு, வயிறு முட்டச் சாப்பிடாமல் போங்கள். ஊதச் சொன்னதும் முழு வேகத்தில் தொடங்கி, ஆறு விநாடியாவது விடாமல் ஊத வேண்டும். பாதியில் நிறுத்தினால் முடிவு தவறாக வரும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். பெரும்பாலோர் எச்சிலைக் கொடுத்துவிடுவதால் நோய் இருந்தும் தெரியாமல் போகிறது. காலையில் பல் துலக்காமல் வெறும் தண்ணீரில் கொப்பளித்து, வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக இழுத்து விட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுங்கள். கெட்டியாக, இரண்டு மில்லிலிட்டராவது வேண்டும். மூடியை இறுக்கி அன்றே கொடுங்கள்.

காசநோய் என்று உறுதியானால் மருந்து வழக்கமாக ஆறு மாதம். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று, பசி திரும்பி, வேலைக்குப் போகலாம் என்று தோன்றும். அப்போது மருந்தை விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வரக்கூடும். சிகிச்சைக் காலம் முழுவதும், காசநோயாளிகளின் சத்துணவுக்கான மத்திய அரசின் நிக்ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். பதிவு செய்தார்களா என்று மருந்து வாங்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் இருப்பவர்கள் அனைவரையும், குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை, அதே வாரத்தில் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நோய் இல்லாதவர்களுக்கும் தடுப்பு மருந்து கொடுப்பார்கள்.